24 ராத்திரி டூட்டி: நடுச்சாமப் பூசைக்குப் போகாம கிறிஸ்மஸா?

மூஞ்சிக்கல் மருமகள் (கொடைக்கானல்)
15 டிசம்பர் 2024, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், எழுதுறது இதான் முதல் தடவை.

ஏரிக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜ்ல ரிசப்ஷன்ல இருக்கேன். பேரு வேண்டாமே. 24 ராத்திரி எனக்கு நைட் டூட்டி, இது மூணாவது வருஷம். சாயங்காலம் ஆறுக்கு உட்கார்ந்தா காலையில எட்டுக்குத்தான் எந்திரிக்கலாம். லீவு கேட்கவும் வாய் வரமாட்டேங்குது. இந்தப் பத்து நாள் ஓட்டத்துலதான் ஆடி ஆவணியில எங்க சம்பளமே ஓடுது.

நேத்து ரிசப்ஷன்ல "கிறிஸ்மஸ் கார்னர்" போடச் சொன்னாங்க. சைப்ரஸ் கிளையை ஒரு பெயிண்ட் டப்பாவுல மண் போட்டு நட்டு, மேல பஞ்சைப் பிச்சுப் போட்டு பனி செஞ்சேன். வாசல்ல டிரைவர் அண்ணன்மார் வண்டிக் கண்ணாடியில இருந்த நிஜப் பனியை பழைய ஏடிஎம் கார்டால சுரண்டிட்டு இருந்தாங்க. மரத்தடியில எட்டு பரிசுப் பெட்டி. எல்லாம் ரூம் சோப்பு வந்த அட்டைப்பெட்டி, ஜிகினா பேப்பர் சுத்தி ரிப்பன் கட்டினது. ஒரு கெஸ்ட்டோட பாப்பா ஓடி வந்து ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்துட்டு, வெறும் பெட்டியை அப்படியே மூடி வச்சிட்டுப் போயிருச்சு. அழுதிருந்தாக்கூட தேவலை.

ஓரமா, குழந்தை இயேசு பிறந்த காட்சியா ஒரு சின்னக் குடில் வைக்கட்டுமான்னு பொறுப்புல இருக்கிறவர்கிட்ட கேட்டேன். "வேண்டாம்மா, எல்லா ஊர்க்காரங்களும் வர்ற இடம், மத விஷயமாயிரும்"னாரு. நல்ல மனுஷன்தான், மனசுல ஒண்ணும் வச்சுச் சொல்லலை. ஆனா மான் வண்டி, சாண்டா தாத்தா, பஞ்சு, வெறும் பெட்டி எல்லாம் கிறிஸ்மஸ். குழந்தை மட்டும் மத விஷயம்.

இன்னைக்கு முப்பது போனாவது வந்திருக்கும். "இருபத்தி நாலு ரூம் இருக்கா?" "இல்லைங்க, ஃபுல்." மலைக்கு வர இ-பாஸ் எடுத்துட்டோம், ரூம் மட்டும் கிடைக்கலைன்னு ஒருத்தர் கெஞ்சுறாரு. சாயங்காலம் போனை வச்சப்போதான் உறைச்சது. "விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை"ன்னு வருஷா வருஷம் வாசிக்கிறாங்களே, அந்த விடுதிக்காரி நான்தான்.

கேள்வி இதுதான். பூசைக்குப் போக முடியாத வேலையில இருக்கிறவங்க அன்னைக்கு என்ன பண்றீங்க?

---

குன்னூர் குயில்
15 டிசம்பர், இரவு 11.05

நர்ஸ் நான். ஆறு வருஷமா இதே கதை. வார்டுல கேக் வெட்டுவோம், போட்டோ எடுப்போம், அடுத்த டிரிப் ஏத்தப் போவோம். வீட்டுக்கு வந்ததும் தூக்கம். அவ்வளவுதான்க்கா.

---

ஜெபவீரன்77
16 டிசம்பர், காலை 6.15

சகோதரிக்கு ஸ்தோத்திரம். டிசம்பர் 25ல கர்த்தர் பிறந்தார்னு வேதத்தில எந்த அதிகாரத்தில இருக்கு? அது ரோமர்களோட சூரியப் பண்டிகை. குளிர்காலத்தில மேய்ப்பர்கள் வயல்வெளியில இருப்பாங்களா? வேதத்தில இல்லாத நாளுக்காக நீங்க வருத்தப்படவே தேவையில்லை. ஸ்டாரும் கேக்கும் உலகம். அதை விட்டு வெளியே வாங்க.

---

கேத்திப் பெரியவர்
16 டிசம்பர், காலை 9.30

தம்பி ஜெபவீரன், தேதி வேதத்தில் இல்லை என்பது சரி. அதை யாரும் ஒளிக்கவில்லை. டிசம்பர் 25 என்று எழுதியிருக்கும் பழைய ஆவணம் ரோமாபுரியில் 354ஆம் ஆண்டு தொகுத்த பஞ்சாங்கம். சூரியப் பண்டிகையிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. மார்ச் 25ல் கருத்தரித்ததாகக் கொண்டு ஒன்பது மாதம் கணக்கிட்டார்கள் என்பாரும் உண்டு. ஆர்மீனியர் இன்றைக்கும் ஜனவரி 6ல்தான் கொண்டாடுகிறார்கள். நம்மில் பலருக்குச் சொந்தப் பிறந்தநாளே பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் போட்ட ஜூன் மாதத் தேதி. அதற்காக நாம் பிறக்கவில்லை என்று ஆகிவிடுமா?

"வேண்டாம்" என்பதும் புதிதல்ல. இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் 1647ல் கிறிஸ்மஸையே ஒழித்துச் சட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, பண்டிகை கொண்டாடியவனுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். அன்று அவர்களுக்கு இருந்த குறை வியாபாரம் அல்ல, குடியும் கூத்தும். அச்சடித்த வாழ்த்து அட்டை லண்டனில் 1843ல் விற்பனைக்கு வந்தது; கடைக்காரர் கணக்கு அதற்குப் பிறகு பெருகியதுதான்.

எங்கள் ஊருக்குப் பண்டிகை வந்த வழியைச் சொல்கிறேன். காசமேஜர் துரை கேத்தியிலிருந்த தன் பங்களாவில் இடம் கொடுத்ததால் 1846ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கத்து ஜெர்மானியர் இங்கே வந்து தங்கினார்கள். என் சிறு வயதில் மூங்கில் பிளாச்சை முடைந்து, காற்றாடிக் காகிதம் ஒட்டி, நடுவில் மெழுகுவத்தி வைத்து நட்சத்திரம் கட்டுவோம். காற்றடித்தால் தீப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு வீட்டு நட்சத்திரமாவது எரியும், தெருவே தண்ணீர்ச் செம்போடு ஓடும். இன்றைக்கு எல்இடி எரிவதே இல்லை, கெட்டுப்போகிறது.

அம்மா மூஞ்சிக்கல், உங்களுக்கு ஒரு திருத்தம். லூக்கா சுவிசேஷத்தில் விடுதிக்காரர் என்று ஒருவரும் வருவதில்லை. கதவைச் சாத்தியவனை நம் சண்டே ஸ்கூல் நாடகம்தான் உண்டாக்கியது. உங்கள் மேல் பழி இல்லை.

---

மூஞ்சிக்கல் மருமகள்
16 டிசம்பர், இரவு 7.20

ஐயா, விடுதிக்காரர் இல்லையா? சின்ன வயசுல நாடகத்துல எங்க அண்ணன்தான் அந்த வேஷம். "போ போ இடமில்லை"ன்னு ஒரே வசனம், அதையும் மறந்துட்டான்.

---

நாலாம் மெழுகுவத்தி (குன்னூர்)
16 டிசம்பர், இரவு 9.50

நான் மறைக்கல்வி ஆசிரியர். பெரியவர் சொன்னதோட கொஞ்சம் சேர்க்கிறேன்.

"விடுதி"ன்னு நாம வாசிக்கிற இடத்துல லூக்கா போட்ட கிரேக்கச் சொல் "கட்டலூமா". கடைசி இராவுணவுக்கு மேல்மாடி அறை தேடுறப்போ, 22ஆம் அதிகாரத்துல, அதே சொல்தான் வருது. ஆனா நல்ல சமாரியன் கதையில அடிபட்டவனைக் காசு கொடுத்துத் தங்க வைக்கிறாரே, அந்த விடுதிக்கு லூக்கா வேற சொல் போடுறார்: "பண்டொகேயோன்". அதனால பெத்லகேம்ல இடமில்லாமப் போனது லாட்ஜ் இல்லை, ஏதோ சொந்தக்காரங்க வீட்டு விருந்தாளி அறைன்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. அந்தக் காலத்து யூதேயா வீட்டுல ராத்திரி ஆடுமாட்டையும் உள்ளேயே ஒரு பக்கம் கட்டுறது உண்டு. தீவனத் தொட்டி அங்க இருந்ததுதான். குடிகணக்குக்காக ஊரே திரும்பி வந்திருக்கு, வீடு நிறைஞ்சு வழியுது, பிள்ளைத்தாய்ச்சியை மாட்டுப் பக்கம் படுக்க வச்சிருக்காங்க. ஊர்த் திருவிழா நேரத்துல நம்ம வீட்டுல பத்துப் பேர் ஹாலில் படுப்போமே, அந்த மாதிரி.

குடில்ல நாம வைக்கிற மாடும் கழுதையும் நற்செய்தியில இல்லைங்கிறதும் இருக்கட்டும். எசாயா முதல் அதிகாரத்துல "மாடு தன் உடைமையாளனை அறியும்"னு வருதே, அங்கிருந்து வந்தது. புனித அசிசி பிரான்சிஸ் 1223ல இத்தாலியில கிரேச்சோங்கிற மலைக் கிராமத்துல நிஜ மாடு, நிஜக் கழுதை, நிஜ வைக்கோல் வச்சுக் குடில் அமைச்சுப் பூசை வைக்கச் சொன்னார். அவருக்கும் இதே கவலைதான்: ஏழையாப் பிறந்ததை ஜனங்க கண்ணால பார்க்கணும்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். நேத்து மூணாவது ஞாயிறு, ரோஸ் மெழுகுவத்தி ஏத்தினோம். திருச்சபை கணக்குல இன்னும் கிறிஸ்மஸே ஆரம்பிக்கலை, அதுக்கு முந்தின நாலு ஞாயிறு காத்திருக்கிற திருவருகைக் காலம்தான் நடக்குது. கடைக்காரருக்கு நவம்பர்ல ஆரம்பிச்சு 25 ராத்திரியோட முடியுது. நமக்கு 24 சாயங்காலம்தான் ஆரம்பம், இந்த வருஷம் ஜனவரி 12, ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரைக்கும் போகுது. நடுச்சாமத்தை விட்டா எல்லாம் போச்சுங்கிறது நம்ம பழக்கம்தான். கிறிஸ்மஸுக்கு நாலு திருப்பலி இருக்கு: 24 மாலை, நள்ளிரவு, விடியல், பகல். விடியல் பூசையில வாசிக்கிறது மேய்ப்பர்கள் வந்து பார்த்த பகுதி. அதனால அதுக்கு "மேய்ப்பர் பூசை"ன்னே ஒரு பழைய பேர் உண்டு. ராத்திரி கண் முழிச்சவங்களுக்குன்னே வச்ச மாதிரி இருக்கும். உங்களுக்கு எட்டு மணிக்கு டூட்டி முடியுது, பகல் பூசை உங்களுக்கு முழுசா இருக்கு.

---

வர்க்கிக்கடை பாய் (ஊட்டி)
17 டிசம்பர், காலை 1.40

அடுப்பு சூடாறுற நேரம், தூக்கம் வரலை. அதான் எழுதுறேன்.

எல்லாரும் வியாபாரத்தைத் திட்டுறீங்க. நான் வியாபாரி. உலர்பழம் அக்டோபர்லயே ஊறப்போட்டாச்சு. நம்ம கடையில ரம் கிடையாது, திராட்சை ஜூஸ்தான். 15ஆம் தேதியில இருந்து ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி. சர்க்கரையைக் கருக்குறப்போ ஒரு நொடி தவறினா மொத்தக் கேக்கும் கசக்கும், அதுக்கு மாஸ்டரோட நானும் நிக்கணும். எங்க கடையில எட்டுப் பேர். ரெண்டு பேர் கிறிஸ்டின், அவங்களுக்கு 24 மதியத்தோட லீவு. மத்த ஆறு பேரும் நானும் பார்த்துக்குவோம். அந்தக் காசுலதான் மாஸ்டரோட பொண்ணு காலேஜ் படிக்குது.

வெறும் பெட்டி கேவலம்தான், ஒத்துக்கிறேன். கேக் வெறும் பெட்டி இல்லை.

இன்னொண்ணு. ஈசா நபி பிறப்பு எங்க குர்ஆன்லயும் இருக்கு, மர்யம் சூராவுல. அங்க விடுதியும் இல்லை, தொழுவமும் இல்லை. பிரசவ வேதனையில மர்யம் ஒரு பேரீச்ச மரத்தடிக்கு வர்றாங்க, தனியா. மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடின்னு சொல்லப்படுது. கேக்குல பேரீச்சம்பழம் நறுக்கிப் போடுறப்போ எனக்கு அதுதான் ஞாபகம் வரும். வாங்குறவங்களுக்குத் தெரியாது.

---

ஜெபவீரன்77
17 டிசம்பர், காலை 6.20

பாய், உங்க நல்ல மனசுக்கு நன்றி. ஆனா இங்க பேச்சு வேதத்தைப் பத்தி. சாண்டா கிளாஸ் ஒரு கூல்டிரிங் கம்பெனி உண்டாக்கினது. அதைக் கும்பிடுற நிலைமைக்கு வந்தாச்சு.

---

கேத்திப் பெரியவர்
17 டிசம்பர், காலை 10.10

யாரும் கும்பிடவில்லை தம்பி. கம்பெனி உண்டாக்கவும் இல்லை. கோகோ கோலா விளம்பரத்துக்கு ஓவியர் சண்ட்ப்ளாம் வரைந்தது 1931ல். அதற்கு அறுபது, எழுபது வருஷத்துக்கு முன்பே தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் அமெரிக்கப் பத்திரிகையில் குண்டுத் தாத்தாவை வரைந்துவிட்டார். அதற்கெல்லாம் மூலவர் நான்காம் நூற்றாண்டில் மீரா பட்டணத்துப் பிஷப் நிக்கொலாஸ். இன்றைய துருக்கியில் இருக்கிறது அந்த ஊர். அவரைப் பற்றிய பழங்கதை வரதட்சணைக் கதைதான். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத தகப்பன், வேறு வழியில்லாமல் அவர்களை விற்க இருந்தான். பிஷப் ராத்திரியில் பொன் முடிப்பை ஜன்னல் வழியே போட்டுவிட்டுப் போனார். கொடுத்தவர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகத்தான் ராத்திரி. இன்று கொடுப்பவரின் கடைப் பெயர் பையின் இருபுறமும் அச்சடித்திருக்கிறது.

---

லைன்வீட்டுப் பையன் (கோத்தகிரி பக்கம்)
17 டிசம்பர், இரவு 8.30

கடைக்காரங்களை மட்டும் ஏன் சொல்றீங்க? சபை என்ன பண்ணுது?

எங்க எஸ்டேட் லைன்ல டிசம்பர் பத்தாம் தேதிக்கு மேல கேரல் ரவுண்ட்ஸ். டிரம்ஸ், கித்தார், தாத்தா வேஷம், பின்னாடி நோட்டோட ஒரு கமிட்டி ஆள். வீட்டுக்கு ஒரு பாட்டு, ஒரு கவர். கவர்ல எவ்வளவுன்னு நோட்டுல ஏறும், ஞாயித்துக்கிழமை வாசிப்பாங்க. போன வருஷம் தேயிலை வரத்துக் கம்மி, அம்மாவுக்குக் கால்ல கட்டு, வேலைக்குப் போகலை. டிரம்ஸ் சத்தம் மேல் லைன்ல கேட்டதும் அம்மா லைட்டை அணைச்சாங்க. நாங்க மூணு பேரும் இருட்டுல அடுப்படியில உட்கார்ந்திருந்தோம். வாசல்ல "பாலன் பிறந்தார்"னு பாடுறாங்க. தங்கச்சிக்கு இருமல் வந்துருச்சு. அம்மா முந்தானையை வச்சு அவ வாயைப் பொத்தினாங்க. அவங்க ரெண்டு சரணம் பாடிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க.

கிறிஸ்மஸ்னா எனக்கு அந்த முந்தானைதான் ஞாபகம் வருது. எந்தச் சபைன்னு கேட்காதீங்க.

---

குன்னூர் குயில்
17 டிசம்பர், இரவு 8.52

தம்பி…

---

நாலாம் மெழுகுவத்தி
17 டிசம்பர், இரவு 9.15

இதுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்க பங்குக் கோயில்லயும் நோட்டு உண்டு. இந்த ஞாயிறு கூட்டத்துல பேர் வாசிக்கிறதை நிறுத்தச் சொல்லப் போறேன். நடந்தா இங்க சொல்றேன், நடக்கலைன்னாலும் சொல்றேன்.

---

நெறியாளர்
18 டிசம்பர், காலை 11.00

தேதி பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே இனி அது வேண்டாம். சபைப் பெயர்களைக் கேட்டு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

பட்டிக்காரன் (மன்னவனூர்)
18 டிசம்பர், இரவு 9.40

தேதி பேசக்கூடாதுன்னுட்டாங்க, இருந்தாலும் ஒரே ஒரு வரி. குளிர்ல ஆடு வெளிய இருக்காதுன்னு சொன்னவர் மன்னவனூர் வந்து பார்க்கணும். பெத்லகேம் கடல் மட்டத்துக்கு மேல 775 மீட்டர்தானாம். நாங்க அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. உறைபனி வெள்ளையா கிடக்கிற புல்லு வெயில் பட்டு உருகினதும் இங்க ஆடு மேய ஆரம்பிச்சிரும்.

எங்க ஊரு ஆட்டுப் பண்ணையை எல்லாருக்கும் தெரியும், மத்திய அரசோட ஆடு, கம்பளி ஆராய்ச்சி மையம், பாரத் மெரினோ வளர்க்கிறாங்க. டூரிஸ்ட் வந்து வேலியோரம் போட்டோ எடுப்பாங்க. நான் அங்க வேலை இல்லை. சொந்தமா இருபத்திரண்டு உருப்படி வச்சிருக்கேன். கோயில் குளம்னு அதிகம் போறவன் இல்லை. சம்சாரம் போகும்.

எனக்குத் தெரிஞ்சது குட்டி போடுற ராத்திரி. நடுராத்திரிக்கு மேல பார்த்துத்தான் இதுங்க ஈனும். டிசம்பர் ஜனவரியில ஈனினா ஆள் பக்கத்துலயே இருக்கணும். குட்டி விழுந்ததும் மூக்குச் சளியை விரலால வழிச்சு எடுக்கணும், சாக்கால உடம்பைத் தேய்க்கணும். தரையில விட்டா ஈரத்தோட விறைச்சிரும். அதனால தீவனத் தொட்டியில காஞ்ச புல்லை அணைகட்டி, அதுல தூக்கி வச்சிருவோம். தொட்டி தரைக்கு மேல நிக்கும், மிதிபடாது, தாய் எட்டி எட்டி நக்கும். பட்டியில குளிர் தாக்காத இடம் அது ஒண்ணுதான்.

போன வருஷம் சம்சாரத்துக்காக ஒரு தடவை கோயிலுக்குப் போனப்ப அந்த வாசகம் காதுல விழுந்துச்சு. தூதர் மேய்ப்பர்கிட்ட "இதுவே அடையாளம்: தீவனத் தொட்டியில் கிடக்கும் குழந்தையைக் காண்பீர்கள்"னு சொல்றாரு. சாமியார் அதை ஏழ்மை, தாழ்மைன்னு விளக்கினாரு. இருக்கும். எனக்கு என்ன தோணுச்சுன்னா, ஆட்டுக்காரனுக்கு வழி சொல்ல இதைவிடச் சரியான அடையாளம் கிடையாது. அரண்மனைன்னா எங்களுக்கு வாசல் தெரியாது. தொட்டின்னா இருட்டுலயும் கை போகும். பச்சப் பிள்ளையைத் தொட்டியில வச்சிருக்காங்கன்னு சொன்னதுமே, யாரோ விவரம் தெரிஞ்சவங்கதான் வச்சிருக்காங்கன்னு புரிஞ்சிருக்கும்.

அக்கா, அவங்களும் அன்னைக்கு நைட் டூட்டிதான். "இரவெல்லாம் கிடையைக் காவல் காத்தார்கள்"னுதான் வருது. லீவு போட்டுட்டு யாரும் கோயில்ல உட்கார்ந்திருக்கலை. சேதி டூட்டி நடக்கிற இடத்துக்கே வந்துச்சு. எனக்கு ஒரே ஒரு கவலை: ஆட்டை யார்கிட்ட விட்டுட்டுப் போனாங்க? லூக்கா எழுதலை.

---

வர்க்கிக்கடை பாய்
18 டிசம்பர், இரவு 11.58

ஆட்டைப் பார்த்துக்க ஒரு பாய் இருந்திருப்பாரு.

---

பட்டிக்காரன்
19 டிசம்பர், காலை 5.10

😀

---

லைன்வீட்டுப் பையன்
23 டிசம்பர், மாலை 6.45

நேத்து கேரல் வந்தாங்க. நோட்டு இருந்துச்சு. ஆனா இந்தத் தடவை அம்மா லைட்டை அணைக்கலை. அச்சு முறுக்கு ஒரு தட்டு நிறைய வச்சுக் கொடுத்தாங்க, கவர் கொடுக்கலை. கமிட்டி ஆள் நோட்டுல என்ன எழுதினார்னு தெரியலை. தாத்தா வேஷம் போட்டவன் மட்டும் நாலு எடுத்தான்.

---

மூஞ்சிக்கல் மருமகள்
26 டிசம்பர் 2024, மதியம் 3.15

இப்பதான் தூங்கி எந்திரிச்சேன். என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்ல.

ரிசப்ஷன்ல குடில் கூடாது, சரி. மாடியில போர்வை, விரிப்பு அடுக்குற அறை இருக்கு, கெஸ்ட் வரமாட்டாங்க. அங்க கீழ்த்தட்டைக் காலி பண்ணி, மரத்தடியில இருந்த பெட்டியில ஒண்ணை எடுத்துட்டு வந்து, ஜிகினாவை உரிச்சு, பக்கவாட்டுல வெட்டித் தொழுவம் பண்ணினேன். சுரூபம் வீட்டுல இருந்து கொண்டு போனது, மாமியாரோடது, சூசையப்பருக்கு ஒரு கை கிடையாது. வைக்கோலுக்கு கிச்சன்ல முட்டை அட்டையோட வந்த உமி. ரூம் சுத்தம் பண்ற அக்கா நாலு பேர்ல மூணு பேர் இந்து. விரிப்பு எடுக்க வர்றப்பலாம் குனிஞ்சு பார்த்துட்டுப் போனாங்க. ஒரு அக்கா தலையில இருந்த பூவைக் கிள்ளி வச்சிட்டாங்க.

குழந்தையை மட்டும் வைக்கலை. எங்க வீட்டு வழக்கப்படி பன்னெண்டு மணிக்குத்தான் வைப்போம். அதனால கோட் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

பன்னெண்டுக்கு ஹால்ல டிஜே பத்துல இருந்து கீழ எண்ண ஆரம்பிச்சிட்டாரு, நியூ இயர்னு நினைச்சிட்டாரு போல. அதே நேரம் இருநூத்தி ஏழுல ஹீட்டர் போயிருச்சு. நூத்தி பதினொண்ணுல கூடுதல் போர்வை. ஒரு தாத்தாவுக்கு மூச்சுத் திணறல், ஆட்டோ சொல்லி, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, அவங்க மகனோட வாசல் வரைக்கும் நடந்து… நல்லவேளை, வாயுதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. திரும்பி வந்து அவங்க ரூம் சாவிக்காகப் பாக்கெட்ல கையை விட்டா, குழந்தை. மணி மூணேகால்.

எனக்கு அழுகையும் வரலை, சிரிப்பும் வரலை. மாடிக்கு ஓடினேன். அங்க தாத்தா வேஷம் போட்ட ரூம்பாய் தாடியைக் கழுத்துக்கு இறக்கிட்டு, ஒரு போர்வை மூட்டை மேல சாய்ஞ்சு தூங்குறான். பூம்பாறைப் பையன். சத்தம் கேட்டு முழிச்சு, "என்னக்கா, லேட்டா?"ன்னான். ஆமாடான்னேன். செல்போன் டார்ச் அடிச்சுக் காட்டினான். வச்சேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அதுக்குள்ள கீழ பெல் அடிச்சது.

எட்டரைப் பூசைக்குப் போனேன். பாதியிலேயே தூங்கிட்டேன், பக்கத்துல இருந்த பாட்டி காணிக்கைக்கு எழுப்பினாங்க.

---

கேத்திப் பெரியவர்
26 டிசம்பர், மாலை 5.00

சூசையப்பருக்குக் கை ஒட்ட வேண்டாம் அம்மா. அப்படியே இருக்கட்டும்.

---

நாலாம் மெழுகுவத்தி
26 டிசம்பர், இரவு 8.10

குடிலை எடுத்துடாதீங்க. மூணு அரசர்கள் குழந்தையைப் பார்க்க வந்ததை நினைக்கிற மூவரசர் ஞாயிறு ஜனவரி 5.

எங்க பங்கு விஷயம்: பேர் வாசிக்கிறதை நிறுத்தலை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னுட்டாங்க.

---

மூஞ்சிக்கல் மருமகள்
26 டிசம்பர், இரவு 8.35

எடுக்கலை. ஆனா ஒட்டகம் ரெண்டுதான் இருக்கு. ஜனவரி 5 எனக்குப் பகல் டூட்டி.